இளம் பச்சோந்தி இரை எடுக்க மறுத்தால்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

இளம் பச்சோந்தி இரை எடுக்காதபோது வளர்ப்பவரின் சந்தேகம் முதலில் பூச்சியின் மேல்தான் விழுகிறது. இந்தப் பூச்சி அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, இன்று ஒரு வகை, நாளை வேறொரு வகை என்று மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். அதற்குள் மூன்று நாள்கள் ஓடிவிடுகின்றன. வளர்ந்த பச்சோந்திக்கு மூன்று நாள் பட்டினி பெரிதல்ல. சில கிராம் எடை மட்டுமே உள்ள குட்டிக்கு அது உயிர்ப் பிரச்சினை. நான் வளர்த்தும் பிறர் வளர்ப்பதைப் பார்த்தும் அறிந்தவரை, குறை பூச்சியில் இருப்பது அரிது. வெப்பம், தண்ணீர், வெளிச்சம், தனிமை ஆகிய நான்கில் ஏதோ ஒன்று தவறியிருக்கும். பசியின்மை அதன் கடைசி விளைவாகத்தான் வெளியே தெரியும்.

அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்கப் பச்சோந்தியே வழி காட்டுகிறது. அது இரை பிடிப்பது நமக்கு ஒரே நொடியில் முடியும் செயலாகத் தோன்றினாலும், உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பல படிகளைக் கொண்டது. தனித்தனியே சுழன்றுகொண்டிருக்கும் இரு கண்களில் ஒன்று பூச்சியைக் காண்கிறது. மறுகண்ணும் அதே பக்கம் திரும்பி, இரண்டும் ஒரே புள்ளியில் குவிகின்றன. உடல் மெல்ல முன்னால் சாய்கிறது. வாய் சிறிதளவு திறந்து, நாக்கின் உருண்ட நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது. அதன்பிறகே நாக்கு பாய்ந்து பூச்சியோடு திரும்புகிறது, மெல்லுவதும் விழுங்குவதும் நடக்கின்றன. இந்தத் தொடர் எந்தப் படியில் அறுபடுகிறது என்பதைக் கவனித்தால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே கூண்டிலிருந்து சற்றுத் தள்ளி அமர்ந்து, அசையாமல் கால் மணி நேரம் பார்ப்பதுதான் முதல் வேலை.

இங்கே கூறும் அளவுகள், வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் இரு வகைகளுக்கு உரியவை: ஏமனையும் சவூதி அரேபியாவையும் பிறப்பிடமாகக் கொண்ட வெய்ல்டு பச்சோந்தி, மடகாஸ்கரைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்தி. கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதிகளின் ஜாக்சன் பச்சோந்திக்கு இதைவிடக் குளிர்ச்சியான சூழல் வேண்டும். காட்டிலிருந்து பிடித்த பச்சோந்தியை வளர்ப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அதன் பசியின்மைக்குத் தீர்வு கூண்டுக்குள் இல்லை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பகல் வெளிச்சத்தில் கண்களை மூடிக்கொண்டிருப்பது, கிளையைப் பிடிக்க முடியாமல் நழுவுவது, கைகால் நடுங்குவது அல்லது துடிப்பது, தாடை வளைந்தோ மென்மையாகவோ இருப்பது, வாயோரத்தில் குமிழி கட்டுவது, தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு விடுவது, கண்கள் குழிந்து உள்ளே போயிருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள எதையும் சோதித்துக்கொண்டிராமல் ஊர்வனவற்றைக் கவனிக்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்ல வேண்டும். நலமாக இருக்கும் பச்சோந்தி பகலில் தூங்குவதில்லை. இந்த ஒரு விதியைப் பலர் அறியாததால், 'சும்மா தூங்குகிறது' என்று விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி, வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு நாள் முழுதாக ஒன்றும் உண்ணவில்லை என்றால், மூன்றாம் நாள் மருத்துவரிடம் போவதே சரி என்பது என் கருத்து.

அறிகுறி 1: பூச்சியை ஏறிட்டும் பார்க்கவில்லை

பூச்சி கண்ணெதிரே ஊர்ந்தும் கண்கள் அதன்மேல் நிற்கவில்லை என்றால், உடல் இன்னும் வேட்டைக்கு ஆயத்தமாகவில்லை என்று பொருள். முதலில் வெப்பத்தைச் சோதியுங்கள். பச்சோந்தியின் செரிமானம் வெளிவெப்பத்தை நம்பியே நடப்பதால், உடல் சூடேறாத குட்டிக்குப் பசி எடுப்பதில்லை. குளிராக இருக்கும் குட்டி தன் நிறத்தைக் கருமையாக்கி, உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, விளக்கின் பக்கம் விலாவைத் திருப்பிக்கொண்டு நிற்கும். காலையில் சிறிது நேரம் இப்படி நிற்பது இயல்பு. நண்பகலிலும் அதே நிலை தொடர்ந்தால் சூடு போதவில்லை. மாறாக, வெளிறிய நிறத்தோடு வாயைத் திறந்துகொண்டு விளக்கை விட்டு விலகினால் சூடு மிகுந்துவிட்டது. இளம் பச்சோந்தி வெயில் காயும் கிளையில், அதன் முதுகு இருக்கும் உயரத்தில், 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டின் மற்றப் பகுதிகள் 22 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் அது தேவைக்கேற்ப இடம் மாறிக்கொள்ளும். கூண்டுச் சுவரில் ஒட்டிய வெப்பமானி கிளையின் வெப்பத்தைச் சொல்லாது. உணர்முனையைக் கிளைமேலேயே வைத்து அளக்க வேண்டும். இரவில் 20 டிகிரி அளவுக்கு இறங்குவது அதற்கு நல்லதே. இரவெல்லாம் சிவப்பு விளக்கு எரியவிடுவது தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் பசியையும் கெடுக்கிறது. 12 மணி நேர வெளிச்சமும் 12 மணி நேர முழு இருட்டும் வேண்டும்.

வெப்பம் சரியாக இருந்தால், அடுத்து அச்சத்தைத் தேடுங்கள். பச்சோந்தி தனித்து வாழும் பிராணி. மற்றொரு பச்சோந்தி கண்ணில் படுவதும், நாயோ பூனையோ கூண்டைச் சுற்றி வருவதும், ஆட்கள் ஓயாமல் நடமாடும் இடத்தில் கூண்டு தரையோடு தாழ்ந்து இருப்பதும் அதன் பசியை அடைத்துவிடும். என்னிடம் வந்த இரண்டரை மாதக் குட்டி ஒன்று நான்கு நாளாக அரைகுறையாகவே உண்டது. வெப்பம், ஈரப்பதம், விளக்கு என்று எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்தேன். எதிலும் குறை தெரியவில்லை. ஐந்தாம் நாள் மாலை அறை விளக்கைப் போட்டபோதுதான், எதிரேயிருந்த அலமாரியின் கண்ணாடிக் கதவில் அந்தக் குட்டியின் உருவம் தெளிவாகத் தெரிந்தது. அது தன் நிழலுருவைப் பார்த்து, விலாவில் கரும்பட்டைகள் விழ, கிளையின் மறுபக்கம் ஒதுங்கி நின்றது. கதவைத் துணியால் மூடினேன். மறுநாள் காலை, விளக்கு எரிந்து ஒரு மணி நேரத்துக்குள் 11 பூச்சிகளைத் தின்றது. அன்றுமுதல் கூண்டைச் சோதிக்கும்போது, குட்டியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து என்னென்ன தெரிகிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

உடன்பிறந்த குட்டிகளை ஒரே கூண்டில் வைத்திருந்தால், ஒரே நேரத்தில் பொரித்தவற்றுள் ஒன்று மட்டும் பெரிதாக வளர்வதையும் மற்றவை பின்தங்குவதையும் காணலாம். சண்டை கண்ணுக்குத் தெரியாது. வலிய குட்டி விளக்கடிக் கிளையில் நிற்பதே மற்றவற்றை விரட்டப் போதும். பின்தங்கிய குட்டியை அன்றே பிரித்துத் தனிக் கூண்டில் விடுங்கள். இலைகள் நெருங்கிய செடி ஒன்று கூண்டுக்குள் இருந்து, அதன் பின்னால் மறைந்துகொள்ள முடிந்தால், குட்டிக்கு விரைவில் தைரியம் வரும்.

அச்சமும் இல்லையென்றால், பூச்சி அதன் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். சுவர்க்கோழி எனப்படும் கிரிக்கெட் பூச்சிகளைக் கூண்டில் தூவினால் அவை சில நிமிடங்களில் தொட்டி மண்ணிலும் கூண்டின் மூலைகளிலும் ஒளிந்துகொள்கின்றன. பெரிய கூண்டில் குட்டி அவற்றைச் சந்திப்பதே இல்லை. ஆழமான, வெளிர்நிறக் கோப்பை ஒன்றின் உட்சுவரில் பூச்சி ஏறிவர ஏதுவாகச் சிறிய வலைத் துண்டைப் பொருத்தி, குட்டி வழக்கமாக நிற்கும் கிளைக்குச் சற்றுக் கீழே கட்டிவிடுங்கள். பூச்சிகள் வலைமேல் ஏறி வரும்போது வெளிர்ந்த பின்னணியில் அவற்றின் அசைவு பளிச்சென்று தெரியும்.

இவை தவிர, கவலைப்படத் தேவையில்லாத மூன்று நிலைகளும் உண்டு. முட்டையிலிருந்து வந்த முதல் ஓரிரு நாள் குட்டி உடலில் எஞ்சிய மஞ்சள்கருவையே உணவாகக் கொள்ளும். சட்டை உரிக்கும் நேரத்தில், தோல் மங்கி வெள்ளைத் திட்டுகள் தெரியும் ஓரிரு நாள் பசி குறையும். புதிதாக வீட்டுக்கு வந்த குட்டி சில நாள் குறைவாக உண்ணும். அந்நாள்களில் அதைக் கையில் எடுக்காமல், கூண்டின் பக்கவாட்டை மெல்லிய துணியால் மறைத்துவிட்டால் போதும்.

அறிகுறி 2: பார்க்கிறது, குறி வைக்கிறது, ஆனால் நாக்கை விடவில்லை

இரு கண்களும் பூச்சியின் மேல் குவிகின்றன, உடலும் சாய்கிறது, நாக்கின் நுனிகூட வெளியே தெரிகிறது, பிறகு வாய் மூடிக்கொள்கிறது. பசி இருக்கிறது, ஏதோ ஒன்று தடுக்கிறது என்பதே இதன் பொருள். இந்நிலையில் நான் முதலில் சந்தேகிப்பது தாகத்தைத்தான். உடலில் நீர் குறைந்த பச்சோந்தி உணவைத் தள்ளிப்போடும்.

பச்சோந்தி கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். அதோடு, நீர் தெளித்தவுடனே குடித்துவிடுவதும் இல்லை. முதலில் விறைத்து நிற்கும். பிறகு கண்களை உருட்டி உருட்டிக் கழுவிக்கொள்ளும். அதற்கும் பின்னால்தான் பக்கத்து இலையை நக்கத் தொடங்கும். ஆகையால், பத்து நொடி தெளித்துவிட்டு இலை நனைந்துவிட்டது என்று திரும்பிவிடுபவரின் குட்டி ஒருநாளும் வயிறாரக் குடித்திருக்காது. நுண்ணிய தூவலாக இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல், காலையில் விளக்கு எரியும் முன் ஒரு முறையும் மாலையில் விளக்கு அணைந்தபின் ஒரு முறையும் தெளியுங்கள். நண்பகலில் சொட்டுக் குழாய் ஒன்றிலிருந்து இலைமேல் நீர் மெல்லச் சொட்டுமாறு வையுங்கள். நீர் குட்டியின் முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. தெளிப்புகளுக்கு இடையே இலைகள் காய்ந்துவிட வேண்டும். எப்போதும் ஈரமாகவே இருக்கும் கூண்டு நுரையீரல் நோயை அழைத்துவரும்.

தாகத்தை உறுதிசெய்ய எச்சத்தைப் பாருங்கள். கரும்பழுப்புப் பகுதியோடு சேர்ந்து வரும் யூரேட் என்னும் திடக்கழிவு வெள்ளையாக இருந்தால் நீர் போதுகிறது. அது பெரும்பகுதி மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருந்து, மணலைப்போல உதிர்ந்தால், நீர் போதவில்லை. எச்சத்தை அன்றாடம் பார்க்கும் பழக்கம் ஒன்றே பல நோய்களை முன்கூட்டிக் காட்டிவிடும்.

தாகம் இல்லையென்றால் பூச்சியின் அளவைப் பாருங்கள். குட்டியின் இரு கண்களுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பூச்சியின் நீளம் மிகக் கூடாது. அன்று பொரித்த குட்டிக்கு இறக்கை வளராத பழ ஈக்களும் குண்டூசித் தலையளவுச் சுவர்க்கோழிக் குஞ்சுகளுமே ஏற்றவை. பெரிய பூச்சி ஒன்றை அஞ்சி விலகிய குட்டி, பிறகு அதே வகையில் சிறியதைக்கூடச் சில நாள் சந்தேகத்தோடு பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பூச்சி வலைச் சுவரில் ஒட்டி நின்றாலும் சில குட்டிகள் நாக்கை விடத் தயங்கும். விட்டால் நாக்கின் நுனி வலைக்கண்ணில் சிக்கிக் காயப்படவும் கூடும். அதனால், பூச்சி கிளையிலோ இலையிலோ கோப்பை விளிம்பிலோ இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகே சலிப்பைப் பற்றி எண்ண வேண்டும். மாதக்கணக்கில் பழுப்புச் சுவர்க்கோழியையே கண்ட குட்டி அதைப் புறக்கணிப்பது உண்டு. பறக்கும் ஈ ஒன்றைக் கூண்டில் விட்டுப் பாருங்கள். கண்கள் அதைத் தொடரும் வேகத்திலேயே விடை கிடைத்துவிடும். பட்டுப்புழு, சிறு டூபியா கரப்பான், பிளாக் சோல்ஜர் ஈயின் புழு ஆகியவற்றை மாற்றி மாற்றித் தரலாம். கொழுப்பு மிகுந்த மெழுகுப்புழுவைப் பசி தூண்ட எப்போதாவது ஒன்று தரலாமே தவிர அன்றாட உணவாக்கக் கூடாது. பூச்சிமருந்து தெளித்த இடத்தில் பிடித்த பூச்சியும் மின்மினியும் அறவே கூடாது. மின்மினியின் உடலில் உள்ள நஞ்சு ஊர்வனவற்றைக் கொல்லக்கூடியது.

அறிகுறி 3: நாக்கை விடுகிறது, ஆனால் தவறுகிறது

எப்போதாவது ஒரு குறி தவறுவது இயல்பு. தொடர்ந்து தவறினாலோ, நாக்கு பாதி தூரத்தில் தளர்ந்து விழுந்தாலோ, திரும்பி உள்ளே போகத் தாமதித்தாலோ, பூச்சியைத் தொட்டும் ஒட்டாமல் வெறுமனே திரும்பினாலோ, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நலமான பச்சோந்தியின் நாக்கு அதன் உடல் நீளத்தைவிட அதிக தூரம் பாயும். காலைக் குளிரில் நாக்கு பாயும் வேகம் அவ்வளவாகக் குறையாது, ஏனெனில் அது வில்லில் இழுத்த நாண்போலச் சேமித்த விசையால் பாய்கிறது. ஆனால் தசையால் உள்ளிழுக்கும் வேகம் குளிரில் வெகுவாகக் குறையும். ஆகவே காலையில் மட்டும் நாக்கு மெல்லத் திரும்பி, உடல் சூடேறியபின் சரியாகிவிட்டால், வெப்பத்தைத் திருத்தினால் போதும்.

நாள் முழுதும் தளர்ச்சி இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும். அது இரத்தத்தில் குறையும்போது உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எலும்பு மென்மையாகி, முன்கால்கள் வில்லாக வளைகின்றன. வளரும் குட்டியில் இது வெகு விரைவாக நடக்கும். சுவர்க்கோழி போன்ற பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு மிகுதி. பச்சோந்திக்கோ கால்சியம் ஏறத்தாழ இரண்டு பங்கும் பாஸ்பரஸ் ஒரு பங்கும் வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு வேளையும் வைட்டமின் டி3 கலக்காத கால்சியம் பொடியைப் பூச்சிகளின் மேல் இலேசாகத் தூவித் தருகிறோம். டி3 சேர்ந்த பொடியும் பல வைட்டமின்கள் கலந்த பொடியும் மாதம் இரு முறை போதும்.

பொடி தூவியும் குறைபாடு வருகிறது என்றால் விளக்கைப் பாருங்கள். யூவிபி என்னும் புறஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகி, உண்ட கால்சியம் உடலில் சேரும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் இந்தக் கதிர் இல்லை என்று சொல்லிவிடலாம். கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் அதைத் தடுத்துவிடுகின்றன. குழல்விளக்கு கண்ணுக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே யூவிபி குறைந்துவிடும். ஆகவே தயாரிப்பாளர் சொன்ன காலத்தில், அதிகம் போனால் ஓராண்டில், மாற்றிவிட வேண்டும். கூண்டின் மேல்வலையும் கதிரின் ஒரு பகுதியை மறைக்கும். புறஊதாக் குறியீட்டு அளவி கையில் இருந்தால், வெயில் காயும் கிளையில் ஏறத்தாழ 3 என்ற அளவு இருக்குமாறு விளக்கின் தூரத்தை அமைக்கலாம்.

நாக்கு தொட்டும் ஒட்டவில்லை, கண்ணிமைகளும் வீங்கியிருக்கின்றன என்றால் வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். இதை வீட்டில் மருந்து வாங்கிக் கொடுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். வைட்டமின் ஏ மிகுந்தாலும் நஞ்சாகும். ஒரு கண் மட்டும் மூடியிருந்தால், குறி தவறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தூசியோ தோல் துணுக்கோ விழுந்திருந்தால் நீண்ட தூவலில் அது தானே கழுவிக்கொள்ளும். மறுநாளும் மூடியிருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அறிகுறி 4: பிடித்தபின் துப்பிவிடுகிறது

பொடி மிகுதியானால் பூச்சி வெள்ளைப் பொம்மைபோல் ஆகி, குட்டி அதைக் கவ்வியவுடனே உதறிவிடும். தூவியபின் பூச்சியின் நிறம் தெரிய வேண்டும். பொடி சரியாக இருந்தும் துப்பினால் வாய்க்குள் வலி இருக்கிறது. இரை பிடிக்க வாய் திறக்கும் கணத்தில் ஒளிப்படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈறில் சிவப்போ மஞ்சள் நிறச் சீழோ தெரிந்தால் அது வாய்ப்புண். கையால் வாயைத் திறந்து பார்க்க முயன்றால் மென்மையான தாடை முறியக்கூடும்.

அறிகுறி 5: நன்றாக உண்கிறது, ஆனால் எடை ஏறவில்லை

இதைக் கண்ணால் மட்டும் கண்டுகொள்ள முடியாது. கிராம் அளவு காட்டும் சிறிய தராசில், குட்டியைக் கிளைத் துண்டோடு வைத்து, வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். வளரும் பருவத்தில் இரண்டு வாரம் எடை ஏறாமல் நின்றாலே காரணம் தேட வேண்டும்.

பூச்சியின் வயிறு வெறுமையாக இருப்பது ஒரு காரணம். வாங்கிவந்த பெட்டியிலேயே பட்டினி கிடந்த பூச்சி, கூடும் காலும் மட்டுமே. தருவதற்கு முன் குறைந்தது 24 மணி நேரமாவது அதற்குக் கீரை, காரட், பூசணி போன்றவற்றைத் தின்னக் கொடுங்கள்; பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் அதை விட்டுவிடலாம். மற்றொரு காரணம் குடல் ஒட்டுண்ணி. எச்சம் நீராகவோ, சளி கலந்தோ, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடோ இருந்தால் பரிசோதனை செய்யுங்கள். உண்ணாமல் மீந்த பூச்சிகள் எச்சத்தைத் தின்று, பிறகு அவற்றையே குட்டி தின்னும்போது ஒட்டுண்ணி மீண்டும் மீண்டும் உள்ளே போகிறது. அதே சுவர்க்கோழிகள் இரவில் தூங்கும் குட்டியின் தோலைக் கடிக்கவும் செய்யும். விளக்கு அணையும் முன் மீந்தவற்றை வெளியே எடுத்துவிடுவது இரண்டுக்கும் சேர்த்த தீர்வு.

அறிகுறி 6: நன்றாக உண்டுவந்தது, இப்போது குறைத்துவிட்டது

ஆறு மாதத்தை நெருங்கும்போது வளர்ச்சி வேகம் தணிந்து பசியும் தணிவது இயல்பு. அதுவரை நாள்தோறும் வயிறு நிறையத் தந்த உணவை அதன்பின் படிப்படியாகக் குறைக்கவும் வேண்டும். ஆனால் அந்த வயதுப் பெண் குட்டி திடீரென உணவை விட்டு, கூண்டின் தரையில் அலைந்து மண்ணைத் தோண்ட முயன்றால், அதன் வயிற்றில் முட்டை இருக்கலாம். ஆணோடு சேராமலேயே பெண் பச்சோந்தி முட்டையிடும். ஈரமான மணல் நிறைந்த ஆழமான தொட்டி ஒன்றை உடனே வைத்து, கூண்டை மூடி மறைத்துத் தனியே விடுங்கள். முட்டை வெளியேறாமல் தங்கிவிட்டால் அது உயிரைப் பறிக்கும்.

எச்சமே வராமல் வயிறு உப்பியிருந்தால், தரையில் பரப்பிய மண்ணையோ மரத்தூளையோ விழுங்கிக் குடல் அடைபட்டிருக்கலாம். இளம் பச்சோந்தியின் கூண்டுத் தரையை வெறுமையாக, அல்லது காகிதம் விரித்து வைப்பதே நல்லது.

மருத்துவரிடம் போகும் முன்

எந்த நிலையிலும் வாயைப் பலவந்தமாகத் திறந்து உணவைத் திணிக்காதீர்கள். பச்சோந்தியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியை ஒட்டி இருப்பதால், ஊட்டும் திரவம் எளிதில் நுரையீரலுக்குள் போய்விடும். குழாய்வழி உணவு தேவை என்றால் அதை மருத்துவர் செய்வார், அல்லது செய்யக் கற்றுத்தருவார்.

கடைசியாக வந்த எச்சத்தை ஈரம் காயாத சிறு மூடிய டப்பாவில் எடுத்துச்செல்லுங்கள். எடைக் குறிப்பு, உண்ட பூச்சிகளின் எண்ணிக்கை, தூவும் பொடிகளின் பெயர்கள், விளக்கை மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூண்டின் முழுத் தோற்றத்தையும் விளக்குகள் தெரியுமாறு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியை, குறுக்கே கிளை ஒன்று பொருத்திய, காற்றுத் துளையுள்ள இருண்ட பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்லலாம். இருட்டில் அது கிளையைப் பற்றிக்கொண்டு அமைதியாக இருக்கும்.